கிட்டாரை மாற்றாமல் தொனியை மாற்ற முடியுமா? சிங்கிள் கோயில், ஹம்பக்கர் பிக்கப்கள் பற்றிய ஒரு கேள்வி

கொட்டகலைக் கிட்டார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ராக் இசையில் அனுபவமுள்ள மின்கிட்டார் வாசிப்பாளர்களிடம் ஒரு விடயத்தில் ஆலோசனை பெற விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் செய்யப்பட்ட, மூன்று சிங்கிள் கோயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் கொண்ட கிட்டார். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்குவதுதான் பிக்கப். விலை உயர்ந்ததல்ல. ஆனாலும் வேலை முடிந்து வீடு திரும்பியதும் கை முதலில் தேடுவது அதைத்தான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தெரிவுசெய்து, மூன்றாம் தந்தியை ஏழாவது ஃப்ரெட்டில் அழுத்தி, விரலை மெல்ல அசைத்தபடி ஒரே ஒரு சுரத்தை விட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு தெறிப்பு எழுந்து, அது அடங்கும்போதே உருண்டையான ஓர் இனிமை விரிந்து, பிறகு மெதுவாகத் தேய்ந்து மறையும். மெல்லிய பாடல்களுக்கும் இடையிசைக்கும் இதைவிட வேறொரு ஒலி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

தனி வாசிப்பு வரும்போதுதான் மனம் குறைபடுகிறது. ராக் கலைஞர் கேரி மூர், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் கிட்டாரில் எழுப்பிய, நீண்டு நின்று பாடுகின்ற அந்தக் கனமான தொனியை என் கிட்டாரில் கேட்க ஆசைப்படுகிறேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை இணைத்து, எங்கள் குழுவின் கீபோர்ட் ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) வாசித்தால், தகரத்தைச் சுரண்டுவது போன்ற கூரிய ஒலிதான் வருகிறது. கெயினை (பெருக்கும் அளவை) கூட்டினால் இரைச்சலும் கூடுகிறது. தந்தியைத் தொட்டதும் அது ஓரளவு தணிந்துவிடுகிறது. இது கிட்டாரின் பழுதா என்பதும் தெரியவில்லை.

நான் வசிப்பது தேயிலைத் தோட்ட லயத்தில் (வரிசை வீட்டில்). சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அதிகாலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள். ஆகவே வீட்டில் சத்தமாக வாசிக்க வழியில்லை. எங்கள் குழு ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் கோவில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசிப்பதால், சினிமாப் பாடல்களுக்குரிய தெளிந்த ஒலியும் எனக்கு வேண்டும்.

இந்தக் கிட்டாரை விற்று ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாரொன்றை வாங்குவதா, பாலத்துப் பிக்கப்பை (தந்திகள் உடலில் வந்து அமரும் பாலத்தருகே உள்ளதை) மட்டும் மாற்றுவதா, அல்லது வேறு வழி ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பண்டாரவளை ஆறுதந்தி எழுதியது:

தம்பி, கிட்டாரை விற்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் கவனம் கிட்டாரில் நிற்கவில்லை. கீபோர்ட் ஆம்பில்தான் நின்றது. உங்கள் குறையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

டிஸ்டோர்ஷன் பெடல் செய்வது என்ன? தந்தியிலிருந்து வரும் அலையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் அது வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில், முதலில் இல்லாத உயர் மீடிறன்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. மின்கிட்டாருக்கென்று செய்யப்படும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 கிலோஹேட்ஸைத் தாண்டியதும் வேகமாக ஓய்ந்துவிடும். கூரான பகுதியெல்லாம் அங்கே வடிந்துபோய், எஞ்சும் நடுப்பகுதிதான் நம் காதுக்குக் கனமாகவும் பாட்டாகவும் கேட்கிறது. கீபோர்ட் ஆம்பும் கோவில் ஒலிபெருக்கியும் அப்படியல்ல. அவை மனிதக் குரலையும் தாளக்கருவியின் சிணுங்கலையும் முழுமையாகத் தர வேண்டியவை என்பதால், உயர் ஒலிகளுக்கென்றே தனியாக ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்திருக்கின்றன. பெடலின் கூர்மை முழுவதும் அதன் வழியே வெளியே வந்துவிடுகிறது. அத்தகைய ஆம்பில் நேராக இணைத்தால் எத்தனை இலட்சம் ரூபாய்க் கிட்டாரும் இதே ஒலியைத்தான் தரும்.

ஆகவே முதலில், கிட்டார் ஆம்ப் வைத்திருக்கும் நண்பர் எவரிடமாவது சென்று, உங்கள் கிட்டாரையும் உங்கள் பெடலையும் அதில் இணைத்து வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் முதல் சுரத்திலேயே தெரிந்துவிடும். அதன்பின் மேடைக்காகவும் வீட்டுக்காகவும், கிட்டார் ஸ்பீக்கரின் இயல்பைப் போலிசெய்யும் கெபினட் சிமியுலேட்டர் ஒன்றைப் பெடலுக்கு அடுத்ததாக வையுங்கள். தனிப் பெடலாகவும் கிடைக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் இயங்கும் மென்பொருளாகவும் கிடைக்கிறது. அதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் லயத்தில் நள்ளிரவிலும் வாசிக்கலாம். மறுநாள் அதே ஒலியைக் கோவில் மைக் செட்டுக்கும் நேரே அனுப்பலாம்.

இனிப் பிக்கப்புக்கு வருகிறேன். காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதுதான் பிக்கப். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் குலைந்து, அந்தச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சுருளின் தூண்டத்திறனும் கேபிளின் கொள்ளளவமும் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு மீடிறனை மட்டும் மற்றவற்றைவிட உயர்த்திக் காட்டுகின்றன. சிங்கிள் கோயிலில் இந்த உச்சம் மேலே இருப்பதால் தெறிப்பும் தெளிவும் வருகின்றன. ஹம்பக்கரில் அது கீழே இறங்கிவிடுவதால் ஒலி தடிக்கிறது. மேலும் ஹம்பக்கரின் இரு சுருள்களும் தந்தியை இரண்டு இடங்களில் கேட்பதால், மேலெழும் சில கிளைச் சுரங்கள் தமக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1957 முதல் லெஸ் போல் கிட்டார்களில் அது இடம்பெற்றது. அவர் தீர்க்க முனைந்தது இரைச்சலைத்தான். தடித்த தொனி அதன் கூடவே வந்து சேர்ந்தது.

தந்தியின் நீளமும் இதில் பங்கு கொள்கிறது. உங்கள் கிட்டாரில் அது 648 மில்லிமீற்றர். லெஸ் போலில் சுமார் 628. குறைந்த நீளத்தில் அதே சுருதிக்குக் குறைந்த இழுவிசை போதும் என்பதால், விரல் தந்தியை எளிதாக வளைக்கிறது.

ஆனால் கேரி மூர் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் விரும்பி வாசித்தவர் என்பதை மறந்துவிட வேண்டாம். 1966இல் பிரித்தானியக் கிட்டார் கலைஞர் எரிக் கிளப்டன் இலண்டனில் லெஸ் போலையும் மார்ஷல் ஆம்பையும் இணைத்துப் பதிவுசெய்த அந்தப் புகழ்பெற்ற தொனியில் கிட்டாருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஆம்பினுள் தம் எல்லைவரை உழைத்த வால்வுகளுக்கும் (வெற்றிடக் குழாய்களுக்கும்) ஸ்பீக்கருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கிட்டாரை மாத்திரம் வாங்கி வந்தால் அந்தப் பாதி வந்து சேராது.

செலவில்லாத இரண்டு திருத்தங்களைச் செய்து பார்க்கலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய வயரிங் முறையில் இரண்டு டோன் திருகிகளும் கழுத்துப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் உரியவை. பாலத்துப் பிக்கப்புக்கு டோன் கட்டுப்பாடே கிடையாது. அதனால்தான் தனி வாசிப்பில் அது காதைக் குத்துகிறது. சுவிட்சில் ஒரு சிறு கம்பித் துண்டைப் பற்றவைத்து, இரண்டாவது டோன் திருகியை அதற்கும் பொதுவாக்கிவிட்டு, அதைப் பாதிக்குக் குறைத்து வாசியுங்கள். அடுத்தது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தியபடி அளந்தால், தந்திக்கும் காந்தத்துக்கும் இடையில் சுமார் 2 மில்லிமீற்றர் இருக்கட்டும். ஒலி கூடும் என்றெண்ணிக் கழுத்துப் பிக்கப்பை மிக உயர்த்திவிட்டால், காந்தம் தடித்த தந்திகளைப் பிடித்திழுத்து, சுரத்தை நடுங்கவைத்து, நீண்டு நிற்கவும் விடாது.

நீண்டு நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது கழுத்து நேராக இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஊவாப் பக்கத்தில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களின் வறண்ட காற்றில் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் விரலில் தட்டுப்படும். உங்கள் பக்கத்தில் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் இருப்பதால் மரம் ஈரத்தை உறிஞ்சி வளையும். எவ்வகையிலும் தந்தி ஃப்ரெட்டில் உரசத் தொடங்கினால் சுரம் பாதியிலேயே செத்துவிடும். அதை எந்தப் பிக்கப்பும் உயிர்ப்பிக்காது. பருவம் மாறும்போது ட்ரஸ் ரொட்டை (கழுத்தினுள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் கம்பியை) கால் சுற்றுக்கு மேல் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் நிறையாவிட்டால், சிங்கிள் கோயில் அளவிலேயே செய்யப்பட்ட ஹம்பக்கர் ஒன்றைப் பாலத்தில் பொருத்தலாம். மரத்தைக் குடைய வேண்டியதில்லை. நீங்கள் விரும்பும் அந்தக் கழுத்துப் பிக்கப்பின் ஒலிக்கும் பங்கம் வராது.

தலவாக்கலை மின்னியலாளர் எழுதியது:

இரைச்சலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். வீட்டு வயர்களும் அடப்டர்களும் மின்மாற்றிகளும் அந்த மீடிறனிலும் அதன் மடங்குகளிலும் காந்தப் புலத்தை உமிழ்ந்தபடி இருக்கின்றன. சிங்கிள் கோயில் அதை வாங்கி ஆம்புக்குக் கொடுத்துவிடுகிறது. ஹம்பக்கரில் ஒரு சுருள் மற்றதற்கு எதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிராக வைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. உங்கள் கிட்டாரின் நடுப் பிக்கப் அவ்வாறு எதிர்த்திசையில் அமைக்கப்பட்டிருந்தால், ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் மறைந்துவிடும். இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். ஆம்பிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, கிட்டாரின் முகத்தை மெல்லத் திருப்பினாலும், இரைச்சல் மிகக் குறையும் ஒரு திசை அகப்படும்.

தந்தியைத் தொட்டதும் தணிவது பழுதல்ல. பாலத்தின் வழியாகத் தந்திகள் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கின்றன; உங்கள் உடம்பு வாங்கிவரும் இரைச்சல், தொட்டவுடன் அந்த வழியே வடிந்துவிடுகிறது. பிக்கப் குழியின் உட்புறம் முழுவதும் செப்புத் தாள் ஒட்டி, அதை எர்த்துடன் சேர்த்துவிட்டால் இந்த வகை இரைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் மேலே சொன்ன 50 ஹேட்ஸ் உறுமல் செப்புத் தாளுக்கு அடங்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தந்தியைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஏதும் உணர்ந்தாலோ, பாடும்போது மைக்கில் உதடு பட்டதும் வெட்டினாலோ, அது தொனி பற்றிய பிரச்சினையல்ல. உயிரைப் பறிக்கக்கூடிய பிரச்சினை. பழைய லயங்களில் எர்த் கம்பி இல்லாத பிளக் பொயின்ட்களைப் பார்த்திருக்கிறேன். திருவிழாவில் எங்கிருந்தோ இழுத்துவரும் வயரில் எர்த் இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கமும் சில குழுக்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுத்துவிடுங்கள். கிட்டார் ஆம்பும் மைக் செட்டும் ஒரே பொயின்டிலிருந்து, எர்த் உள்ள வயரில் மின் பெறட்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றை உங்கள் குழுவின் வயர்ப் பெட்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னர் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி தொடங்கிவிட்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

நுவரெலியா ஃபஸ் எழுதியது:

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹம்பக்கர் இல்லாமல் சுரம் நீண்டு பாடாது என்ற எண்ணம் கேள்வியிலேயே இருப்பதால், சிங்கிள் கோயிலுக்காக நான் பேச வேண்டியிருக்கிறது.

பிங்க் ஃபுளோயிட் குழுவின் டேவிட் கில்மர் 1970இல் நியூயோர்க்கில் ஒரு கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2019இல் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. சாதாரணமாகக் கடையில் விற்ற கிட்டார் அது. அதன் பிக்கப்களையும் கழுத்தையும் அவர் காலப்போக்கில் பலமுறை மாற்றினார். ஆயினும் அவருடைய நீண்டு வளரும் சுரங்களின் அடையாளம் சிங்கிள் கோயிலின் அடையாளந்தான். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969இல் உட்ஸ்டொக் இசை விழா மேடையில் வாசித்ததும் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர். குவீன் குழுவின் பிரையன் மே, இளவயதில் தம் தந்தையுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்து மஹோகனிப் பலகையிலிருந்து கழுத்தைச் செதுக்கி உருவாக்கிய கிட்டாரில் இன்றுவரை இருப்பவையும் மூன்று சிங்கிள் கோயில் பிக்கப்களே. அவற்றைத் தொடராக இணைத்து, உயர் ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் பூஸ்டர் பெடல் வழியாக வொக்ஸ் ஏசி30 ஆம்பை அதன் எல்லைக்குத் தள்ளினார். சில்லறை நாணயத்தால் தந்தியை மீட்டினார். அந்தத் தொனி மெலிந்தது என்று எவராவது சொல்வார்களா?

தம்பி, உங்கள் கையிலுள்ள கிட்டாரில் நீங்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தாத ஒன்று வொல்யூம் திருகி என்று நினைக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது வலது கைச் சுண்டுவிரலுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. டிஸ்டோர்ஷனுக்கு இனமான ஃபஸ் பெடலையும் ஆம்பையும் தனி வாசிப்புக்குரிய அளவில் வைத்துவிட்டு, கிட்டாரின் வொல்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறையுங்கள். அந்தத் தடித்த உறுமல் படிப்படியாகக் கலைந்து, கண்ணாடித் தெளிவுள்ள ஒலி வெளிப்படும். மீட்டலை மென்மையாக்கினால் மேலும் தெளியும். பாடலின் சரணத்தில் ஆறு, தனி வாசிப்பில் பத்து என்று சுண்டுவிரலாலேயே மாற்றிக்கொண்டு போகலாம். பெடலை மிதிக்க வேண்டிய தேவையே இராது. சிங்கிள் கோயில் இந்த மாற்றத்துக்கு விரலோடு விரலாக இணங்கிவரும். எனக்கு ஹம்பக்கரில் இந்த அளவு தெளிவு கிடைத்ததில்லை. நான் மின்கிட்டாரை நேசிப்பதற்கு முதற்காரணம் இதுதான்: தொனி பெட்டிக்குள் பூட்டியிருக்கவில்லை, வாசிக்கும் கணத்தில் கையால் உருவாகிறது.

இதற்கு மிகப் பொருத்தமானது ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டர் உள்ள ஃபஸ். 1966இல் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் முதல் வடிவங்களில் இருந்தவை அவைதாம். வெப்பநிலை உயர்ந்தால் ஜேர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் கூடும். சுற்றின் சமநிலை நழுவி, ஒலி திக்கித் தடுமாறும். நமக்கு வாய்த்த நன்மை இங்கே இருக்கிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். குளிர்ந்த மாலையில் இந்தப் பெடல் தரும் மென்மையான, முடிவில் மெல்லக் கரைந்துபோகும் தொனியை, அதே பெடலில் கொழும்பு மேடையொன்றின் விளக்கு வெப்பத்தில் கேட்க முடியாது. சமவெளிக்கு வாசிக்கப் போகும்போது சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் உள்ள பெடலை எடுத்துச் செல்வது என் வழக்கம். அது சற்றுக் கூர்மையானது, ஆனால் வெயிலுக்கு அசையாது.

ஒரு எச்சரிக்கை: ஃபஸ் பெடலைக் கிட்டாருக்கு அடுத்தபடியாக, முதல் பெடலாகவே வையுங்கள். இடையில் பஃபர் (கிட்டாரின் சைகையை வாங்கி வலுவுடன் மறுபடி அனுப்பும் சுற்று) உள்ள வேறு பெடல் வந்தால், வொல்யூம் திருகியோடு அது இவ்வாறு இணங்காது.

கொட்டகலைக் கிட்டார் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நண்பர் ஒருவரின் 12 அங்குல ஸ்பீக்கருள்ள கிட்டார் ஆம்பில் வாசித்துப் பார்த்தேன். பண்டாரவளை அண்ணன் சொன்னபடியே கூர்மை போய்விட்டது. பாலத்துப் பிக்கப்புக்கு டோன் திருகியையும் இணைத்துவிட்டேன். கிட்டாரை விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

இன்னொரு கேள்வி எழுந்திருக்கிறது. உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய வால்வ் ஆம்ப் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்திருக்கிறார். அதன் பின்புறத்தில் 120 வோல்ட், 60 ஹேட்ஸ், 22 வொட் வெளியீடு என்று பொறிக்கப்பட்டுள்ளது. நமது மின்சாரத்தில் இதை இயக்க முடியுமா? லயத்தில் ஹெட்ஃபோன் வைத்து இதில் பயில முடியுமா?

தலவாக்கலை மின்னியலாளர் எழுதியது:

நேரடியாக இணைத்தால் ஆம்ப் எரிந்துவிடும். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் மின்மாற்றி கட்டாயம் வேண்டும். வெளியீடு 22 வொட் என்பதால் மின்மாற்றியும் 22 வொட் போதும் என்று எண்ண வேண்டாம். வால்வுகளைச் சூடாக்குவதற்கே கணிசமான மின்சாரம் செலவாகும். ஆம்பின் பின்புறத்தில் அது உள்வாங்கும் வொட் அளவு அல்லது ஃபியூஸ் அளவு தனியாக எழுதப்பட்டிருக்கும். அதற்கு இரு மடங்கு திறனுள்ள மின்மாற்றியை, எர்த் பின் இருபுறமும் தொடர்ந்து செல்லும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மீடிறனை இந்த மின்மாற்றி மாற்றாது. 60 ஹேட்ஸுக்கு மட்டுமென வடிவமைத்த மின்மாற்றி ஆம்பினுள் இருந்தால், 50 ஹேட்ஸில் அது வழக்கத்தைவிடச் சூடாகும். முதல் நாள் அரை மணிநேரம் இயக்கிவிட்டு, ஆம்பின் அந்த மின்மாற்றியின், வெளியே தெரியும் உறையில் கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால், 50 ஹேட்ஸுக்குரிய மின்மாற்றியை உள்ளே மாற்றாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். பழைய ஆம்ப் என்பதால் உள்ளிருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்களையும் ஒருமுறை சோதிப்பித்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அவற்றில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், மூடியை நீங்களே திறக்காதீர்கள்.

22 வொட் வால்வ் ஆம்ப் லயத்துக்கு மிக அதிகம். அது மேடைக்கும் ஒத்திகைக்கும் ஏற்றது. வீட்டில் பயில்வதற்குக் கெபினட் சிமியுலேட்டரும் ஹெட்ஃபோனும் போதும். அடுத்த வீட்டாரை எண்ணி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இந்த ஆம்பை இயக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான சுமையோ இல்லாமல் வால்வ் ஆம்பில் வாசித்தால் அதன் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகும். பழைய அமெரிக்க ஆம்புக்கு அந்த மின்மாற்றியை இங்கே தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.